படிவத்தில் நான் அடித்த வரி

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஏதோ ஞானம் வந்து சொல்கிற மாதிரி ஆகிவிடும். எனக்கு ஞானமெல்லாம் வரவில்லை. பதினாறு வயதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன்.

அந்த வருடம் எனக்குப் பள்ளித் தேர்வு. நான் தேறவேண்டும் என்று தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா உட்பட வீட்டில் எல்லாருக்கும் மூன்று வாரம் சைவம். தைப்பூசத்தன்று காலை சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்டேன். பசி தாங்கவில்லை. பக்கத்துச் சந்தில் ஒரு கடையில் உட்கார்ந்து முட்டை போட்ட மீ கோரெங் நூடுல்ஸ் ஒரு தட்டு சாப்பிட்டேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பால்குடத்தைத் தலையில் தூக்கிக்கொண்டேன். தேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் பயந்துகொண்டே நடந்தேன். கால் இடறும், குடம் விழும், எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பால்கூடத் தளும்பவில்லை. தேர்விலும் தேறினேன். முருகன் கொடுத்தது என்று அம்மா ஊரெல்லாம் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி உள்ளே உட்கார்ந்துகொண்டது. மீ கோரெங்கைப் பார்க்காதவன் என் விடைத்தாளை மட்டும் எப்படிப் பார்த்தான்?

அதற்குப் பிறகு எந்தப் படிவத்திலும் ‘சமயம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்றுதான் எழுதினேன். தேசிய சேவை, கல்யாணப் பதிவு, மகளின் பள்ளிச் சேர்க்கை, என் முழங்கால் அறுவை சிகிச்சை, எல்லாவற்றிலும். சும்மா இந்து என்று போட்டுவிட்டுப் போயேன், யாருக்கு என்ன என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கையெழுத்து விஷயத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. அது தொழிலில் வந்தது. நான் பஸ் பணிமனையில் பிரேக் பார்ப்பவன். நான் கையெழுத்துப் போட்டால் அந்த பஸ் வெளியே போகும், அதில் பிள்ளைகுட்டிகளோடு ஆட்கள் ஏறுவார்கள். ஒருமுறை, பிரேக் லைனிங் தேய்ந்த ஒரு வண்டிக்கு, இன்றைக்கு ஓடட்டும், நாளைக்கு மாற்றலாம், கையெழுத்தைப் போடு என்றார் மேலாளர். போடமாட்டேன் என்றேன். ஆறு மாதம் பஸ் கழுவும் பகுதிக்கு அனுப்பினார். கழுவினேன்.

என் மனைவிக்கு நம்பிக்கை உண்டு. நிறையவே உண்டு. கல்யாணத்துக்கு முன்பே பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அவள் என்னைக் கோயிலுக்குள் கூப்பிடமாட்டாள். நான் அவளுடைய விளக்கைக் கேலி செய்யமாட்டேன். ஆனால் கோயில் நிர்வாகத்தைப் பற்றி நான் வாயை மூடிக்கொண்டிருப்பதாக ஏற்பாட்டில் எதுவும் இல்லை. இருபத்தெட்டு வருடமாக அவள் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். கூட்டுக் களவாணிகள், மாலை போட்டுக்கொள்ளும் ஆசை பிடித்தவர்கள், இப்படி.

கோயில் எது என்று சொல்லமாட்டேன். வடக்குப் பக்கம், தொழிற்பேட்டைக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் நடுவில் ஒரு சின்ன அம்மன் கோயில். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே அன்னதானம். சாம்பார் என் மனைவியுடையது. பதினொரு வருடமாக ஞாயிறு காலை ஆறு மணிக்கு புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் அவளைக் கொண்டுபோய் விடுவேன். மதியம் திரும்பப் போய், கோயிலுக்கு எதிர் புளோக்கின் காப்பிக்கடையில் பால் விடாத கோப்பி-ஓ ஒன்று வாங்கிக்கொண்டு உட்காருவேன். அங்கிருந்து பார்த்தால் கோயிலின் செருப்பு அடுக்கு தெரியும். இரண்டு மணிக்கு அவள் ஒரு டப்பாவில் சோறும் சாம்பாரும் கொண்டுவருவாள். கடைக்காரச் சீனர் முறைக்கமாட்டார், பழகியவர். அந்தச் சாம்பாரை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சாமி கும்பிடாத வாய்க்குச் சாம்பார் மட்டும் இனிக்குதா என்று அவள் கேட்பாள். சாமியா புளி கரைச்சுது, நீதானே கரைச்ச என்பேன்.

கோயிலுக்குப் புதுத் தலைவர் வந்தார். ஏதோ அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் நிற்கும் ஆளிடம் பேசினாலும் ஒலிபெருக்கியில் பேசுவதுபோலத்தான் பேசுவாராம். தொழிற்பேட்டை விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பையன்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகச் சாப்பிட வருவார்கள். அன்றைய சாப்பாட்டுக்குக் காசு கொடுத்த உபயதாரர் குடும்பங்களுக்கு அது பிடிக்கவில்லை. நெரிசலாக இருக்கிறது, உட்கார இடமில்லை என்று சொன்னார்கள். வியர்வை நாற்றம் என்று யாரோ சொன்னதாகவும் என் மனைவி சொன்னாள். தலைவர் ஒரு சட்டம் போட்டார். ஊழியர்கள் ஒன்றரை மணிக்கு மேல்தான் வரவேண்டும். முன்வாசல் வழியாக வரக்கூடாது. குப்பைத் தொட்டி இருக்கும் பின்கேட்டில் வரிசையில் நின்று பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்விடவேண்டும்.

இரண்டு ஞாயிறு அப்படி நடந்தது. மூன்றாவது ஞாயிறு மழை. பின்கேட்டில் கூரை கிடையாது. என் மனைவி சமையற்கட்டின் பக்கக் கதவைத் திறந்து நனைந்துகொண்டு நின்றவர்களை உள்ளே விட்டு, கூடத்தில் உட்காரவைத்து, தட்டில் பரிமாறினாள். தலைவர் வந்து என்ன இது என்று கேட்டார். அம்மன் சன்னிதியில பின்கேட்டு சாமின்னு தனியா ஒண்ணு இருக்கா என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். எல்லார் முன்னாலும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு அவளை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றக்கூட இல்லை, தொலைபேசி அடித்தது. வந்து கூட்டிக்கிட்டுப் போங்க என்றாள். உடம்புக்கு முடியவில்லையோ என்று பறந்துபோனேன். காப்பிக்கடையில், நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோயிலைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்து. எங்கள் புளோக்குக்குக் கீழே வண்டியை நிறுத்தியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“நான் அப்பவே சொன்னேன்லன்னு மட்டும் சொல்லிராதீங்க.”

அதைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தேன்.

சமையற்கட்டு வாசலிலேயே தலைவர் நின்றிருக்கிறார். இத்தன வருஷம் செஞ்சது போதும்மா, வீட்ல ரெஸ்ட் எடுங்க என்றாராம். கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாராம். அவள் தொலைபேசியை எடுத்துப் பார்த்தால், சமையல் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து அவளை ஏற்கெனவே நீக்கியிருந்தார்கள். இதை அவள் காட்டியபோது எனக்குத் தலைக்குமேல் கோபம். அவளுக்குக் கோபம் இல்லை, அவமானம். அடுத்த இரண்டு ஞாயிறும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, புடவை கட்டி, சோபாவில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பார்க்க முடியவில்லை. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. வீட்டுக்கு வெளியே மாடி நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

சமையற்கட்டில் மனைவியோடு வேலை செய்த பெண்கள் மூன்று பேர் தொலைபேசியில் பேசினார்கள். மூன்று பேரும் அழுதார்கள், ஒருவரும் தலைவரிடம் பேசத் தயாரில்லை. ஒருத்தியின் மகள் கல்யாணத்துக்கு அந்தக் கோயில் மண்டபத்தைத்தான் பதிவு செய்திருந்தார்கள். இன்னொருத்தி, கோயில் விஷயத்தில் சண்டை போட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்றாள். ரசம் வைக்கிற அம்மாள் மட்டும் என்னிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னார்.

“அண்ணன்தான் சாமிக்கே பயப்பட மாட்டீங்களே. தலைவருக்கா பயப்படப் போறீங்க? நீங்க போய்க் கேளுங்கண்ணே.”

எனக்கு எரிச்சலாக வந்தது. மேலே ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்புகிறவர்கள்தானே ஒரு குழுத் தலைவருக்குப் பயப்படாமல் இருக்கவேண்டும்? அவள் பார்த்துக்கொள்வாள் என்று இவர்கள் கேட்கலாமே. நம்புகிறவர்கள் கைகட்டி நிற்க, நம்பாதவன் போய் அம்மன் வீட்டில் நியாயம் கேட்கவேண்டுமாம். இதைக் கத்திச் சொன்னேன். ரசக்கார அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரிண்ணே, எப்பப் போறீங்க என்றார்.

கோயில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பெயர் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்த ஆள் ஒரே கேள்விதான் கேட்டார்: நீங்க மெம்பரா சார்? இல்லை என்றேன். இந்த மாதிரி விஷயமெல்லாம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்தான் கேட்கமுடியும், உறுப்பினர்கள்தான் கேட்கமுடியும் என்றார். பதினொரு வருடம் சாம்பார் வைத்தவள் உறுப்பினர் இல்லை. சமையற்கட்டுப் பெண்களில் யாருமே இல்லை. அவர்களிடம் படிவத்தைக் கொடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, கேட்கவேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. இப்போது அவள் விண்ணப்பித்தால் நிராகரிப்பார்கள், குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆனால் என்னை அங்கே யாருக்கும் தெரியாது. இத்தனை வருடமாக வாசலைத் தாண்டாததால் வந்த லாபம் அது. ரசக்கார அம்மாளின் கணவர் உறுப்பினர். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் ‘ம்’ என்று மட்டும் சொல்லும் மனிதர். அவர் என்னை முன்மொழிவார், அவருடைய தம்பி வழிமொழிவார் என்று ஏற்பாடாயிற்று.

படிவம் வந்தது. இரண்டு பக்கம். பெயர், முகவரி, தொழில். கடைசியில் உறுதிமொழி, மூன்று வரி. முதல் வரி, எனக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டது. இரண்டாவது, ஆலய விதிகளுக்குக் கட்டுப்படுவேன். மூன்றாவது, நான் இந்து சமயத்தவன், இவ்வாலயத்தில் எழுந்தருளியிருக்கும் அம்மனிடம் பக்தியும் நம்பிக்கையும் உடையவன். கீழே கையெழுத்து.

அன்று பொங்கோலில் இருக்கும் என் மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். படிவத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இட்ஸ் ஜஸ்ட் எ ஃபார்ம் லா ப்பா. சைன் பண்ணிட்டுப் போங்க, யாரு செக் பண்ணப் போறா?” என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்கே பட்டது. இல்லாத ஒருத்தியிடம் பக்தி உண்டு என்று எழுதினால் யாருக்கு என்ன நட்டம்? காற்றிடம் பொய் சொன்ன மாதிரிதான். சாப்பாட்டு மேசையில் படிவத்தை வைத்துப் பேனாவைத் திறந்தேன். மனைவி அடுப்படியிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, படிவத்தின்மேல் கையை வைத்தாள்.

“இல்லாத சாமிகிட்டச் சொல்ற பொய் பொய்யே இல்ல,” என்றேன்.

“உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்காளே. நீங்க பொய் சொல்றது என் அம்மாகிட்ட.”

“எல்லாம் உனக்காகத்தானே.”

“பிரேக்குக்குத்தான் பொய்க் கையெழுத்துப் போடமாட்டீங்க. அம்மனுக்குன்னா போடுவீங்களா?”

மகள் தொலைபேசியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். நான் கத்தினேன். நீயும் வேண்டாம், உன் அம்மனும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம், என்னமோ செய் என்று படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே போனேன்.

எங்கே போவது என்று தெரியவில்லை. எல்ஆர்டி ரயிலில் ஏறினேன். எங்கள் பேட்டையில் அது ஒரு வட்டம். ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஒவ்வொரு நிலையத்திலும் படிவத்தை எடுத்து அந்த மூன்றாவது வரியைப் படித்தேன். நாளாக ஆக எனக்கு எந்த அதிகாரத்தின்மேலும் மரியாதை இல்லாமல் போய்க்கொண்டிருந்தது என்று பெருமையாக நினைத்திருந்தேன். ஆனால் ஒரு தாளில் அச்சடித்த வரி என்னை ஒரு மணி நேரமாக ரயிலில் சுற்றவைத்தது. மூன்றாவது சுற்றில் இறங்கி, எம்ஆர்டி ரயிலுக்கு மாறி லிட்டில் இந்தியாவுக்குப் போனேன்.

அங்கே தேக்கா சந்தைக்கு அருகில் என் நண்பர் ஒருவருக்குப் பயணப் பெட்டிக் கடை. ஊருக்குப் போகிறவர்கள் வாங்கும் சக்கரம் வைத்த பெட்டிகள், பைகள். தேசிய சேவை ராணுவப் பயிற்சியில் என்னோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர். ஐந்து வேளை தொழுகிறவர். நான் சமயத்துக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதியதைப் பார்த்து அன்றே என்னைக் கேலி செய்யத் தொடங்கியவர், இன்னும் நிறுத்தவில்லை.

“வாங்க இல்லைக்காரரே,” என்றார்.

கண்ணாடி மேசையில் படிவத்தை விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வாடிக்கையாளருக்குப் பெட்டியின் பூட்டைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டே கேட்டார். இந்த மாதிரித் தலைவர் எல்லா இடத்திலும் உண்டு, எங்க பக்கம் தொப்பி போட்டிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். நான் சிரிக்கவில்லை. போடவா, வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க பாய் என்றேன்.

“நீ பொய் சொல்லி உள்ள போனா, அவன் உன் கேள்விய விட்டுட்டு உன் பொய்யப் புடிச்சுக்குவான். அம்புட்டுதான். அப்புறம் தங்கச்சி கதை போச்சு.”

இதில் ஆன்மிகம் எதுவும் இல்லை. வியாபாரி பேச்சு. எனக்கு அதுதான் புரிந்தது. அவருடைய பேனாவை வாங்கி மூன்றாவது வரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடித்தேன். ஓரத்தில், ‘இந்த வரி எனக்குப் பொருந்தாது’ என்று எழுதினேன். பக்கத்திலேயே ஒரு சின்னக் கையெழுத்து, பணிமனையில் திருத்தம் செய்தால் போடுகிற மாதிரி. கீழே முழுக் கையெழுத்து. உன்னைச் சேர்க்கமாட்டார்கள் என்றார் பாய். தெரியும் என்றேன். அன்றே தபாலில் போட்டேன். நிராகரித்துக் கடிதம் வந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலிலேயே நின்று சத்தம் போடுவது என்பதுதான் என் திட்டம். நல்ல திட்டம் என்று சொல்லமாட்டேன்.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ‘பக்தரே’ என்று தொடங்கியிருந்தது. என்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதில் ஆலயம் மகிழ்ச்சி அடைகிறதாம். தலைவரின் கையெழுத்தும் இருந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். படிவத்தை எவனும் படிக்கவில்லை. பத்துப் பதினைந்து படிவத்தை அடுக்கிவைத்து மேலிருந்து கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். மனைவி சிரிக்கவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு முகம் சுருங்கி உட்கார்ந்தாள்.

“அம்மன் பேர்ல வர்ற தாளக்கூடப் படிக்க மாட்டாங்களா,” என்றாள்.

அவளுக்கு அது கரண்டியைப் பிடுங்கியதைவிடப் பெரிய அடி. நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

பொதுக்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. வண்டியை நிறுத்தியதும், நான் இங்கேயே இருக்கிறேன் என்று மனைவி காப்பிக்கடையில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நான் சாலையைக் கடந்து, செருப்பைக் கழற்றி, அடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போனேன். முதல் தடவை. திரும்பிப் பார்த்தேன். அவள் செருப்பு அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள். தேவாரம் பாடினார்கள். எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். சமையற்கட்டுப் பெண்கள் பின்னால் வடையும் தேநீரும் வைத்துக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்க்காததுபோல இருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் அறிக்கை வாசித்தார்கள். என் முழங்கால் துடித்தது. வேறு விஷயம் உண்டா என்று தலைவர் கேட்டபோது கையைத் தூக்கினேன். ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். வீட்டில் பத்து வரி தயார் செய்திருந்தேன். இரண்டுதான் வந்தது.

“ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்ற வெளிநாட்டு ஊழியர்கள ஏன் குப்பத்தொட்டிப் பக்கமா வரச்சொல்றீங்க? அத ஏன்னு கேட்ட அம்மாவ ஏன் நிறுத்துனீங்க?”

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நீங்க யாரு என்றார். உறுப்பினர், நீங்கள்தான் சேர்த்தீர்கள் என்றேன். மேடையில் ஒருவர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். காப்பிக்கடை என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது. தலைவரின் முகம் தெளிந்துவிட்டது. பிடி கிடைத்துவிட்டது அவருக்கு.

“நீங்க சாமி கும்பிடாதவராமே. நம்பிக்கை இருக்குன்னு பொய்யாக் கையெழுத்துப் போட்டு உள்ள வந்து எங்களக் கேள்வி கேக்குறீங்களா?”

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. பாய் சொன்னது அப்படியே நடந்தது. நம்பிக்கை இல்லை, அது உண்மை, ஆனால் பொய் சொல்லவில்லை, படிவத்தை எடுத்துப் பாருங்கள் என்றேன். எடுக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். செயலாளர் நல்ல மனிதர், அல்லது அப்பாவி. கோப்பைப் புரட்டி என் படிவத்தை எடுத்தார். பார்த்தார். தலைவரிடம் நீட்டினார். தலைவர் வாங்கவில்லை, வாசிங்க என்றார் கெத்தாக. செயலாளர் ஒலிவாங்கியிலேயே வாசித்தார்: மூன்றாவது வரி அடிக்கப்பட்டிருக்கிறது, ‘இந்த வரி எனக்குப் பொருந்தாது’ என்று எழுதியிருக்கிறது, அதற்குக் கீழே, ‘ஒப்புதல்’, தலைவர் கையெழுத்து.

பின்னால் யாரோ வடையோடு சிரித்துப் புரையேறினார்கள். அது பரவியது. தலைவரின் காது சிவந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, மறைக்கமாட்டேன். ஆனால் நீண்ட நேரம் இல்லை. இந்த உறுப்பினர் பதவி செல்லாது, வெளியே போங்கள் என்றார் அவர். பதில் சொல்லுங்கள், போகிறேன் என்றேன். உறுப்பினர் இல்லாதவருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்றார். விதிப்படி அது சரிதான். ஒலிவாங்கியை ஒரு தொண்டர் என் கையிலிருந்து வாங்கினார். என் மனைவியின் கரண்டியை வாங்கிய மாதிரி. எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாற்காலியை மடக்கிச் சுவரோரம் வைத்தேன், ஏன் மடக்கினேன் என்று இன்றுவரை தெரியாது. வாசலை நோக்கி நடந்தேன்.

அப்போது ரசக்கார அம்மாளின் கணவர் எழுந்தார். ‘ம்’ என்று மட்டும் சொல்கிறவர்.

“அவர் கேட்டத நான் கேக்குறேன்.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நான் வரிய அடிக்கல. நம்பிக்கை இருக்கு. மழையில நின்ன பையங்களுக்கு என்ன பதில்?”

பிறகு அவருடைய தம்பி எழுந்தார். பிறகு எனக்குத் தெரியாத ஒரு கிழவர். பரிசீலிக்கிறோம் என்றார் தலைவர். இப்பவே சொல்லுங்க லா என்றது ஒரு குரல். கை தூக்கச் சொன்னார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். பின்கேட்டு ஏற்பாட்டை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. நிறுத்தப்பட்ட அம்மாள் விஷயத்தைச் சமையல் குழு பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, அவசரமாக வாழ்க வளமுடன் என்று கூட்டத்தை முடித்தார்கள்.

காப்பிக்கடையில் எனக்காக ஒரு கோப்பி-ஓ வாங்கிவைத்திருந்தாள். ஆறிப்போயிருந்தது. நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் கேட்டுவிட்டு, “தேவாரத்துக்கு எந்திரிச்சீங்களா?” என்றாள்.

“எந்திரிச்சேன்.”

“கும்பிட்டீங்களா?”

“இல்ல.”

“ம்,” என்றாள். ரசக்கார அம்மாளின் கணவர் மாதிரியே.

வியாழக்கிழமை அவளை மறுபடி வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, வருத்தம் இல்லை. ஞாயிறு பட்டியலில் ‘சாம்பார்’ என்பதற்கு நேரே அவள் பெயர். நான் குதித்தேன். மன்னிப்புக் கேட்காமல் போகாதே, அந்த ஆள் வந்து கரண்டியைக் கையில் கொடுக்கட்டும் என்றேன். அவள் துவரம்பருப்பை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“மன்னிப்ப வாங்கி நான் என்ன சாம்பாரா வைக்கப்போறேன்?”

அதே வாரம் எனக்கும் கடிதம் வந்தது. உறுப்பினர் பதவி ரத்து. இந்தத் தடவை ‘பக்தரே’ இல்லை, ‘ஐயா’.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள், இன்றைக்கு நான் கொண்டுவரமாட்டேன், வேண்டுமென்றால் வந்து வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று. உறுப்பினராக இல்லாதவன்கூடச் சாப்பிடலாம், அதற்குப் படிவம் கிடையாது என்றாள். முடியாது என்றேன். பன்னிரண்டே முக்காலுக்குக் காப்பிக்கடையில் உட்கார்ந்தேன். முன்வாசல் வழியாகப் பையன்கள் போனார்கள். ஒருவன் செருப்பை அடுக்கில் வைக்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றித் தேடினான். கோப்பி இறங்கவில்லை. பசி. எழுந்து போனேன்.

வரிசை நீளம். எனக்கு முன்னால் நின்ற பையன் திரும்பிப் பார்த்து, “அண்ணே, இன்னைக்கி வடை உண்டா?” என்று கேட்டான். தெரியாது தம்பி என்றேன். கூடத்தின் முன்பக்கம் உபயதாரர் குடும்பங்களுக்கு மேசை போட்டு, இலை போட்டு, முதலில் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடிக்கும்வரை எங்கள் வரிசை நகரவில்லை. இருபது நிமிடம். தலைவர் அந்த மேசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

கடைசியில் என் முறை வந்தது. சாம்பார் வாளிக்குப் பின்னால் என் மனைவி. நெற்றியில் வியர்வை, கையில் கரண்டி.

“அவங்களுக்கு மட்டும் ஏன் மொதல்ல? அதே சாம்பார்தானே?” என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். முன்மேசையில் இரண்டு பேர் திரும்பினார்கள்.

அவள் என் டப்பாவில் சோறு வைத்து, அதன்மேல் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றினாள்.

“நகருங்க. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.”